படத்தின் கீழே ஒரு பெயர்

'ஸ்டைலிஸ்ட்' என்றால் எங்கள் வீட்டில் முடிவெட்டுபவர் என்றுதான் அர்த்தம். நான் சொல்ல வருவது வேறு ஆள். இவர் துணி தைப்பதில்லை, உடை வடிவமைப்பதில்லை, படம் எடுப்பதும் இல்லை. எந்தச் சட்டையை எந்தக் கால்சட்டையோடு, யாருடைய உடம்பில், எப்படிப் போட வேண்டும் என்று முடிவு செய்பவர். "இதுக்கெல்லாமா சம்பளம்?" என்று கேட்கத் தோன்றும். இந்த வேலையின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விதான் வேறு வேறு குரல்களில் வந்துகொண்டிருக்கிறது.

முன்பு இதைச் செய்தவர்கள் பெரிய இதழ்களின் ஃபேஷன் எடிட்டர்கள். அவர்களுக்கு மேசை உண்டு, மாதச் சம்பளம் உண்டு. லண்டனில் 'நோவா' என்ற இதழில் உதவியாளராக இருந்த கரோலின் பேக்கர் 1967இல் அதன் ஃபேஷன் எடிட்டர் ஆனார். ராணுவம் கழித்துவிட்ட உடுப்புகளைக்கூட அவர் ஃபேஷன் பக்கங்களுக்குக் கொண்டுவந்தார். நம் ஊர் பண்டல் கடையில் பொறுக்கியெடுத்த சட்டையை அட்டைப்படத்துக்குப் போடுவது மாதிரி. கடையில் புதிதாக வந்ததைக் காட்டுவதுதான் ஃபேஷன் பக்கம் என்ற எண்ணத்தை அது அசைத்தது. ஆனால் 1975இல் நோவா மூடப்பட்டது. இதழை நம்பிய வேலை இதழோடு போய்விடும்.

1980இல் லண்டனில் இரண்டு புதிய இதழ்கள் வந்தன. நிக் லோகன் தொடங்கியது 'தி ஃபேஸ்'. பிரிட்டிஷ் வோக்கின் கலை இயக்குநராக இருந்து விலகிய டெரி ஜோன்ஸ் தொடங்கியது 'ஐ-டி'. இரண்டிலும் பணம் குறைவு. ஆனால் பக்கங்கள் திறந்திருந்தன. யாரோ ஒருவர் நல்ல படங்களோடு வந்தால் "சரி, போடலாம்" என்று சொல்லும் இடங்கள் அவை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ரே பெட்ரி. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1948இல் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். அங்கே இசைக்குழுவில் பாடினார். பிறகு லண்டன் திரும்பினார். ஃபேஷன் பள்ளிச் சான்றிதழைக் காட்டி இந்த வேலைக்கு வந்தவர் இல்லை. புகைப்படக்காரர் ஜேமி மோர்கன் போன்ற நண்பர்களோடு அவர் சேர்த்த கூட்டத்துக்குப் பெயர் 'பஃபலோ'. அமெரிக்க விமானப்படையின் எம்ஏ-1 ஜாக்கெட், லீவைஸ் ஜீன்ஸ், டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ், விளையாட்டு உடுப்பு, சில சமயம் ஆணுக்குப் பாவாடை. எல்லாம் ஏற்கனவே உலகத்தில் இருந்த பொருட்கள். சேர்க்கை மட்டும் அவருடையது.

ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். வெள்ளை முகங்களே நிறைந்திருந்த பக்கங்களில் கறுப்பின இளைஞர்களையும் கலப்பினத்தவரையும் நிறுத்தினார். 1984 ஜனவரி 'தி ஃபேஸ்' அட்டையில் பர்மிய வேர்களும் கொண்ட நிக் கேமன் இருந்தார். மாநிறமானவர்களை இன்றும் விளம்பரத்தில் வெளுக்க வைக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு, உடையைவிட இந்தத் தேர்வுதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் பெட்ரி மாற்றினார். அதுவரை ஃபேஷன் படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயர் வரும், சட்டை எந்தக் கடை, என்ன விலை என்பதும் வரும். பெட்ரியின் படங்களில் 'ஸ்டைலிங்: ரே பெட்ரி' என்று வந்தது. எந்த இதழுக்கும் சொந்தமில்லாத ஒருவரின் பெயர் அப்படி அச்சானபோது, இந்த வேலையைத் தனியாளாகவே செய்யலாம் என்பது தெரிந்துவிட்டது. அந்த ஒரு வரிதான் அவருடைய சான்றிதழ்.

ஆனால் பெயர் அச்சாகும்வரை அந்தத் தலைமுறைக்கு யார் சோறு போட்டது? 1982இல் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அரசின் உதவித்தொகையில்தான் பல இளைஞர்கள் வாழ்ந்தார்கள். ஆளில்லாத வீடுகளில் வாடகையில்லாமல் குடியேறியவர்களும் நிறைய. 1983இல் நாடெங்கும் வந்த ஒரு திட்டத்தில், சொந்தத் தொழில் தொடங்கும் வேலையில்லாதவருக்கு ஓராண்டுக்கு வாரம் 40 பவுண்டு கிடைத்தது. கையில் 1000 பவுண்டு இருப்பதாகக் காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்காகவே நண்பரிடம் கைமாற்று வாங்கியவர்களும் உண்டு. ஓயாசிஸ் இசைக்குழுவைப் பின்னாளில் வெளியிட்ட கிரியேஷன் ரெக்கார்ட்ஸின் ஆலன் மெக்கீ இந்தத் திட்டத்தில் தொடங்கியவர்தான். அந்த லண்டனின் துணிச்சலுக்குப் பின்னால் திறமை மட்டுமில்லை, வாரம் தவறாமல் வந்த சிறு தொகையும் இருந்தது.

நான் பொறியாளன். எங்கள் துறையில் இண்டர்ன்ஷிப்புக்கே சிறு அலவன்ஸ் தருவார்கள். பட்டம் வாங்கினால் முதல் மாதமே சம்பளம். என் சித்தி மகள் வார இறுதிகளில் கல்யாண ஃபோட்டோ ஷூட்டுகளுக்கு ஸ்டைலிங் செய்கிறாள். ஒரு பெரிய பை நிறையப் புடவை, நகை, ஊக்கு, இஸ்திரிப் பெட்டி. கிராப் காசும் அவளுடையது. "பேமெண்ட் இல்லைண்ணே, கிரெடிட் போடுறேன்னு சொன்னாங்க" என்றாள் ஒருநாள். அவள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. தொழில் அப்படித்தான் தொடங்கும் என்று நம்புகிறாள். பெட்ரியின் கதையிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வரி மட்டும்தான். அதைத் தாங்கிய வாரம் 40 பவுண்டு வரவில்லை. அதனால் இங்கே இந்த வேலையை யார் தொடங்கலாம் என்பதைக் கண்ணும் ரசனையும் தீர்மானிப்பதில்லை. அப்பா எத்தனை மாதம் தாங்குவார் என்பது தீர்மானிக்கிறது.

பணம் வராத துறை என்றும் சொல்ல முடியாது. 1985 இறுதியில் நிக் கேமன் சலவை நிலையத்தில் ஜீன்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்காரும் லீவைஸ் விளம்பரம் பிரிட்டனையே ஆட்டியது. பெட்ரி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அட்டையில் நிறுத்திய முகம் அது. பார்க்கும் கண் இதழில் முதலில் வேலை செய்தது, காசு விளம்பரத்தில் பிறகு வந்தது. பெட்ரி 1989இல் எய்ட்ஸால் இறந்தார். எம்ஏ-1 ஜாக்கெட் இப்போது பண்டல் கடைகளிலும் தொங்குகிறது.

தங்கச்சியிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். வீட்டில் கேட்கும் அதே கேள்வியை ஷூட்டுக்கு அழைப்பவர்களிடம் திருப்பிக் கேள் என்றேன்: "இதுக்கு எவ்வளவு?" பெயரைப் படத்தின் கீழே போடட்டும். தொகையை அதற்கு முந்தின நாளே எழுதித் தரட்டும்.