வாடகைக்கு எடுத்த அணி: பினாங்குக் காற்பந்தில் செலவும் பயனும்

பினாங்கு மாநில அணி 2013இல் மலேசியக் காற்பந்தின் மூன்றாம் அடுக்கான எஃப்ஏஎம் லீக்கில் ஆடியது. 2016இல் முதல் அடுக்கான சூப்பர் லீக்கில் இருந்தது. 2017இல் அதே லீக்கில் கடைசி இடம். 2020இல் இரண்டாம் அடுக்கான பிரிமியர் லீக்கின் வாகையர். அடுத்த ஆண்டே சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். 2022இல் மறுபடியும் கடைசி. இப்படி ஏறி இறங்கிய அணியைப் பற்றி டத்தோ கெராமாட் சாலைப் பக்கத்து நாசி கண்டார் கடைகளில் கேட்டால் பதில் உடனே வரும்: இறக்குமதி சரியில்லை, பயிற்றுநர் சரியில்லை, காசை வாரி இறைத்துவிட்டார்கள். ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததுதான் நோய் என்பது இந்தப் பதில்களின் சாரம். இக்கட்டுரை அதை ஏற்கவில்லை. தேர்வு சரியாக அமைந்த ஆண்டுகளிலும் பினாங்கின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. காரணம், அணி ஆட்டக்காரர்களை வாங்கவில்லை, ஒரு பருவத்துக்கு வாடகைக்கு எடுத்தது. வாடகைப் பொருளுக்குக் கைமாற்று மதிப்பு கிடையாது. அதை வைத்துக்கொண்டு 'கொடுத்த காசுக்குப் பயன்' என்ற கணக்கைப் போட முயல்வதே பிழை.

ஐரோப்பாவில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு கிளப் ஒப்பந்தம் முடியாத ஆட்டக்காரரை இன்னொரு கிளப்பிடமிருந்து எடுக்கும்போது மாற்றுத்தொகை கொடுக்கிறது. அந்தத் தொகை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படுகிறது. ஆட்டக்காரர் கணக்கேட்டில் ஒரு சொத்து. விற்றால் லாபமோ நட்டமோ தெரிந்துவிடும். ஆனால் இந்தத் தொகைக்கும் வெற்றிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. பத்திரிகையாளர் சைமன் கூப்பரும் பொருளியலாளர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கியும் 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கிளப்புகளை ஆராய்ந்தபோது, லீக் இடங்களில் காணப்பட்ட வேறுபாட்டில் 92 விழுக்காட்டைச் சம்பளச் செலவே விளக்கிவிட்டது. நிகர மாற்றுத்தொகை விளக்கியது 16 விழுக்காடுதான். ஆக, மாற்றுத்தொகையில் ஊறிய இங்கிலாந்திலேயே அணியின் தரத்தைச் சொல்வது சம்பளப் பட்டியல்தான். மாற்றுத்தொகையே அரிதான மலேசியாவில் சம்பளத்தை விட்டு வேறெதைப் பார்ப்பது?

மலேசிய லீக்கில் நெடுங்காலம் நிலவிய வழக்கம் இது. ஒப்பந்தம் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. பருவம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து கடைசியில் முடியும். நவம்பர் வந்தால் அணியில் பாதிப்பேர் ஒப்பந்தமில்லாதவர்கள். 1995ஆம் ஆண்டின் போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு உலகெங்கும் ஒரு விதி நிலைபெற்றுவிட்டது: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் பழைய கிளப்புக்குச் சல்லிக்காசு மாற்றுத்தொகை இல்லாமல் போகலாம். ஐரோப்பிய கிளப்புகள் இதைப் பார்த்து ஒப்பந்தங்களை நீட்டின. நாம் நீட்டவில்லை. விளைவு, ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் அணி கலைந்தது. ஜனவரியில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. கோல் அடித்தவருக்கு அடுத்த ஆண்டு இன்னொரு மாநிலம் கூடுதல் சம்பளம் தந்தது. அவரை வளர்த்துவிட்ட அணிக்குக் கிடைத்தது ஒரு நன்றி அறிவிப்பு.

2021ஆம் ஆண்டு அணியை எடுத்துக்கொள்வோம். செக் நாட்டுப் பயிற்றுநர் டோமாஷ் டிருகா. முன்னணியில் பிரேசிலின் காசாகிராண்டே, நடுவில் எண்ட்ரிக், பின்வரிசையில் ரஃபேல் விட்டோர். முந்தைய ஆண்டு இரண்டாம் அடுக்கில் இருந்த அணி ஜோகூர், கெடா இரண்டுக்கும் அடுத்தபடியாக நின்றது. எந்த அளவுகோலால் பார்த்தாலும் அந்த ஆண்டு கொடுத்த காசுக்குக் கிடைத்த பயன் மிக அதிகம். அடுத்த பருவத்தின் முடிவில் பார்த்தால் அணி கடைசி இடத்தில், டிருகாவும் இல்லை. இதைத் 'தவறான தேர்வு' என்று எப்படிச் சொல்வது? தேர்வு சரியாகவே இருந்தது. அந்தச் சரியை அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோகும் வழி அமைப்பில் இல்லை. மூன்றாம் இடத்தின் மதிப்பு ஓர் ஆட்டக்காரரின் விலையாக மாறவில்லை, பயிற்சிக்கூடமாக மாறவில்லை, அடுத்த ஆண்டின் பேரம்பேசும் வலிமையாகவும் மாறவில்லை. ஒரு வருடத்து மகிழ்ச்சியாக வந்துபோயிற்று.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு ஃபைஸ் சுப்ரி. 2016 பிப்ரவரி 16 அன்று பண்டாராயா அரங்கத்தில் பகாங் அணிக்கு எதிராக அவர் அடித்த அந்தத் தனி உதையைப் பலமுறை பார்த்தவர்களுக்கும் அது எப்படித் திரும்பியது என்று சொல்ல வராது. தூரத்திலிருந்து, இடப்பக்கத்தில், வைத்த பந்தை அவர் நேராக ஓங்கி உதைக்கிறார். பந்து ஒரு பக்கம் வளைவதுபோலக் கிளம்புகிறது; கோல்காவலர் அதை நம்பி ஓர் அடி எடுத்துவைக்கிறார்; கடைசி நொடியில் பந்து எதிர்ப்பக்கம் சரிந்து தூரத்து மேல்மூலைக்குள் விழுகிறது. 2017 ஜனவரியில் சூரிக் நகரில் ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருதை அவர் வாங்கினார். ஆசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல்வர். உலகமே பார்த்த கோல் அது. அதே ஆண்டு இறுதியில் பினாங்கு கடைசி இடத்துடன் சூப்பர் லீக்கை விட்டு இறங்கியது. அந்தப் பருவத்தைத் தொடங்கியவர் பெங்களூரு அணியை இந்தியாவில் வாகையர் ஆக்கிய ஆஷ்லி வெஸ்ட்வுட். அவர் பாதியிலேயே விலக நேர்ந்தது. ஒரு கோலால் பருவம் பிழைக்காது என்பது வேறு. உலகக் கவனம் ஒன்றைத் தன் வருமானமாக மாற்ற ஒரு கிளப்புக்கு வேண்டிய கருவிகளான நீண்ட ஒப்பந்தம், உரிமம் பெற்ற சட்டை விற்பனை, வெளிநாட்டு முகவர் தொடர்பு எதுவும் மாநிலச் சங்கத்திடம் இருக்கவில்லை. சங்கம் அதற்காக அமைக்கப்பட்டதும் அல்ல.

தொழில்முறைக்கு முந்தைய காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. 1974இல் பேராக்கை 2–1 என்று வென்று மலேசியக் கிண்ணத்தை எடுத்த பினாங்கு அணியில் அலி பாக்கார், ஈசா பாக்கார், ஷாருடின் அப்துல்லா, நாமாட் அப்துல்லா, ஷுக்கோர் சாலே போன்றவர்கள் ஆடினர். நாமாட்டும் ஷாருடினும் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் இருந்தவர்கள். அக்காலத்து ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தந்தது அரசுத் துறையோ வங்கியோ துறைமுகமோதான். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. சங்கத்தின் செலவு பேருந்துக்கும் உணவுக்கும் பந்துக்கும் ஆனது. வேலை உள்ளூரில் இருந்ததால் ஆட்டக்காரரும் உள்ளூரில் இருந்தார். வேலைதான் நீண்ட ஒப்பந்தம். இதைப் பொற்காலம் என்று ஏங்குவதற்காகச் சொல்லவில்லை. 1989இல் அரைத் தொழில்முறை லீக் தொடங்கி 1990களில் முழுத் தொழில்முறைக்கு மாறியபோது, அந்த மறைமுக மானியம் போயிற்று. அதன் இடத்தை நிரப்ப வேண்டிய வருமானம் வரவில்லை. சம்பளம் மட்டும் தொழில்முறை ஆனது, வரவு தொழில்முறை ஆகவில்லை. 1998, 2001 லீக் பட்டங்களும் 2002 எஃப்ஏ கிண்ணமும் அந்த இடைவெளியிலும் பினாங்குக்குக் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. அதற்குப் பிறகு 2020 வரை பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும்.

இடைவெளியை யார் நிரப்பினார்கள்? மாநில அரசுகள், அரசு சார்ந்த நிறுவனங்கள், அரசியல் செல்வாக்குள்ள புரவலர்கள். பல மாநிலங்களில் மாநில முதல்வரான மந்திரி பெசாரே சங்கத் தலைவராக இருந்தார். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் சோசலிச நாட்டுத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 'இளகிய பட்ஜெட் கட்டுப்பாடு' என்ற கருத்தை முன்வைத்தார். நட்டம் வந்தால் மேலிடம் காப்பாற்றும் என்று தெரிந்த நிறுவனம் விலையைப் பார்த்துச் செலவிடாது என்பது அதன் சாரம். பின்னால் வந்த விளையாட்டுப் பொருளியலாளர்கள் அதை ஐரோப்பியக் காற்பந்துக் கிளப்புகளுக்குப் பொருத்திக் காட்டினார்கள். மலேசிய மாநிலச் சங்கங்களுக்கு அது இன்னும் நெருக்கமாகப் பொருந்தும், அளவெடுத்துத் தைத்ததுபோல. ஆனால் இங்கே ஒரு திருப்பம் உண்டு. ஐரோப்பாவில் மேலிடம் கடைசியில் பணத்தைக் கட்டிவிடுகிறது. இங்கே மேலிடம் வாக்குறுதி தருகிறது. பணம் வருவதற்குள் தேர்தலோ தலைவர் மாற்றமோ வந்துவிடுகிறது. அந்த இடைவெளியைக் கடனாகச் சுமப்பவர் ஆட்டக்காரர். சம்பள பாக்கி, ஊழியர் சேமநிதிக்குக் கட்டாத பங்கு, வருமான வரிக்குப் பிடித்தும் செலுத்தாத தொகை ஆகியவை மலேசிய லீக் செய்திகளில் கோல் பட்டியலைப் போல வழக்கமாகிவிட்டன.

ஆகவே ஒரு புள்ளிக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிடும்போது, அறிவித்த சம்பளத்தை எடுப்பதா, கொடுத்த சம்பளத்தை எடுப்பதா என்ற கேள்வி எழுகிறது. கொடுத்ததை எடுத்தால், ஆட்டக்காரரை ஏமாற்றிய அணி சிக்கனமான அணியாகத் தோன்றும். அறிவித்ததை எடுத்தால் அணியிடம் இல்லாத பணத்தைச் செலவழித்ததாக ஆகும். என் கருத்தில் இரண்டையும் எழுதி, வித்தியாசத்தைத் தனிப் பத்தியில் காட்ட வேண்டும். அந்தப் பத்திதான் அணியின் உண்மை நிலையைச் சொல்லும். பாக்கிக்கு வேறு விலையும் உண்டு. மலேசிய லீக்கை உலுக்கிய 1994–95 ஆட்டச் சூதாட்ட விவகாரத்தில் 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டனர், 58 பேர் இடைநீக்கம் ஆயினர், 126 பேர் விசாரிக்கப்பட்டனர். பேராசை மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லலாம்; ஆனால் வாடகை நாளில் சம்பளம் வராத வீட்டுக்கு முதலில் வருபவர் யார் என்பது சூதாட்டத் தரகர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. ஏழை அணிக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான் விவேகம். நீண்ட ஒப்பந்தம் போட்டுவிட்டு அடுக்கு இறங்கினால் யார் தாங்குவது? கடன் சுமை குறைய வேண்டுமானால் பிணைப்பும் குறுகியதாக இருக்கட்டும். கேட்பதற்கு நியாயம். நடைமுறையில் அது கடனைக் குறைக்கவில்லை. 2025இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் லீக்கிலிருந்து விலகின, கெடா உரிமம் பெறவில்லை. அவை மூன்றும் நெடிய வரலாறும் கிண்ணங்களும் உள்ள அணிகள். குறுகிய ஒப்பந்தம் அவற்றைக் காக்கவில்லை. மாறாக, ஆண்டுதோறும் சந்தைக்குப் போகிறவர் ஆண்டுதோறும் சந்தை விலையைக் கொடுக்கிறார். அடுத்த ஆண்டு வேலை இருக்குமோ என்ற அச்சத்துக்கும் ஆட்டக்காரர் ஒரு தொகை கேட்கிறார். 2014 முதல் தொடர்ந்து பட்டம் வெல்லும் ஜோகூர் டாருல் தாக்சிமைப் பார்த்து 'பணம்தான்' என்று சொல்லிவிடுவது எளிது. பணம்தான். ஆனால் அந்தப் பணம் அரங்கமாகவும் பயிற்சித் திடலாகவும் இளையோர் அணியாகவும் ஆண்டு கடந்து நிற்கிறது.

மற்றொரு வாதம்: இறக்குமதியை நிறுத்திவிட்டால் செலவு குறையும், உள்ளூர்ப் பையன்கள் வளர்வார்கள். 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை இருந்தது. அக்காலத்தில் கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா 2009 சீ விளையாட்டில் தங்கமும் 2010இல் ஆசியான் கிண்ணமும் வென்றதால் இவ்வாதத்துக்கு இன்றும் மவுசு உண்டு. ஆனால் தமிழர்களாகிய நமக்கு நெருக்கமான இன்னொரு சோதனையும் நடந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா அணி 2016இல் எஃப்ஏஎம் லீக்கை வென்று, பிரிமியர் லீக் வழியாக ஏறி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப்பெயரில் சூப்பர் லீக்கில் நுழைந்தது. பினாங்கில் பிறந்த விஜய் ஈஸ்வரனின் கியூஐ குழுமம் ஆதரவு தந்தது. 2021இல் அந்த அணி ஒரே ஓர் இறக்குமதியும் இல்லாமல், பி. மணியத்தின் பயிற்சியில், முழுக்க உள்ளூர் ஆட்டக்காரர்களோடு ஆடி அடுக்கில் நிலைத்தது. வெளிநாட்டுச் சம்பளம் என்ற பெரிய செலவு இல்லாமலேயே சூப்பர் லீக்கில் நிற்கலாம் என்று அது காட்டிவிட்டது. 2022 பருவத்துக்குப் பின் அது லீக்கை விட்டே விலகியது. சிக்கனம் இருந்தது, தரம் இருந்தது. உருவாக்கிய ஆட்டக்காரர்களின் மதிப்பை அணிக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்தான் இல்லை. தோட்டத்துத் திடல்களிலிருந்தும் தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் பையன்களைத் திரட்டி மேலே ஏற்றிய ஓர் அமைப்பு, தன் பெயரையும் இழந்து பிறகு தன்னையும் இழந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குழாய் விதிப்புத்தகத்தில் உண்டு. ஃபிஃபாவின் 2001 சீர்திருத்தப்படி, ஒப்பந்தம் முடியும் முன் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறினால் மாற்றுத்தொகையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும்: முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குக் கால் விழுக்காடு, அதன்பின் ஆண்டுக்கு அரை. பட்டர்வொர்த்தில் 12 வயதில் சேர்ந்து எட்டு ஆண்டு பினாங்கில் பயின்ற ஒருவர் பின்னாளில் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு தாய்லாந்து அணிக்கு மாறினால் பினாங்கின் பங்கு 3 விழுக்காடு, அதாவது 30,000 ரிங்கிட். ஓர் இறக்குமதி ஆட்டக்காரரின் ஆண்டுச் சம்பளத்துக்குப் பக்கத்தில் சிறிய தொகைதான். ஓர் இளையோர் அணியின் காலணிச் செலவுக்குப் போதும். ஆனால் அந்த ஒருவர் ஒப்பந்தம் முடிந்து மாறினால் மாற்றுத்தொகையே இல்லை. இல்லாத தொகையில் 3 விழுக்காடு எவ்வளவோ அவ்வளவு கிடைக்கும். ஓராண்டு ஒப்பந்த வழக்கம் சூப்பர் லீக் அணியை மட்டும் வறுமைப்படுத்தவில்லை. அதற்குக் கீழே பையனுக்கு முதலில் பந்தைக் கொடுத்த சிறு கிளப்பின் பங்கையும் சேர்த்தே அழிக்கிறது.

மாநிலச் சங்கத்திலிருந்து பிரிந்து பினாங்கு எஃப்சி என்ற தனி நிறுவனமாக அணி மாறிவிட்டது. லீக்கின் பருவமும் ஆகஸ்டில் தொடங்கி மே வரை நீளும்படி மாற்றப்பட்டு, ஐரோப்பிய மாற்றுச் சந்தையின் காலத்தோடு ஒத்துப்போகிறது. சட்டத் தடை எதுவும் இப்போது குறுக்கே இல்லை. 20 வயதுக்குக் கீழ்ப்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர்களில் சிலரையாவது மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுப்பதற்கு ஆகும் செலவு, பருவ நடுவில் கழற்றிவிடப்படும் ஓர் இறக்குமதிக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்க வாய்ப்பில்லை. பயிற்சிப் பங்கைக் கணக்கிட்டு வசூலித்துத் தர 2022 நவம்பரில் ஃபிஃபா ஒரு தீர்வகத்தையும் தொடங்கியிருக்கிறது.  ஆட்டக்காரரின் மின்பதிவில் எந்த வயதில் எந்தக் கிளப்பில் பெயர் இருந்தது என்பதை வைத்தே அது பங்கைக் கணக்கிடுகிறது. சுங்கை பாக்காப்பில் 12 வயதில் ஆடத் தொடங்கும் ஒரு பையனின் பெயரை அந்த ஆண்டே பதிவில் ஏற்றுவது யார் பொறுப்பு என்பதைப் பினாங்கு முதலில் தீர்மானிக்க வேண்டும்.