ரேஷன் அரிசி, 5 ரூபாய் பாக்கெட், நாலு டீ: கிராமத்திலும் உடல் பருமன் கூடுவது ஏன்?

"தொப்பை விழுந்தா வசதியான ஆளு." ஒரு காலத்தில் நம்ம ஊர்ப் பக்கம் இப்படித்தான் பேச்சு இருந்தது. இப்போது அந்தக் கணக்கு மாறிவிட்டது. கோலியனூர், விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களும் "சோறுதானே சாப்பிடுறோம், எப்படி வெயிட் போடுது?" என்று கேட்கும் காலம் இது.

இந்தக் கேள்விக்கு வாயைக் கட்டாததுதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதில் பாதி முடிவை ஊரும், வருமானமும், படிப்பும் ஏற்கெனவே எடுத்துவிடுகின்றன. அது எப்படி?

எண்கள் என்ன சொல்கின்றன?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 2015-16ல் தமிழ்நாட்டில் 30.9% பெண்கள் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருந்தார்கள். 2019-21ல் அது 40.4% ஆனது. ஆண்களில் 28.2%லிருந்து 37% ஆக உயர்ந்தது. அதே 2019-21ல் இந்திய அளவில் பெண்கள் 24%, ஆண்கள் 22.9% மட்டுமே.

இது நகரத்து விவகாரம் மட்டுமல்ல. தமிழகக் கிராமங்களிலும் மூன்றில் ஒரு பெண்ணுக்கு மேல் இந்தப் பட்டியலில் வருகிறார். உலகமெங்கும் இதே கதைதான். 1985 முதல் 2017 வரை உலக மக்களின் சராசரி எடை கூடியதில் 55%க்கு மேல் கிராமப்புறங்களின் பங்கு என்று 2019ல் வெளியான சர்வதேச ஆய்வு சொன்னது.

ஊர் என்ன செய்கிறது?

பீகாரில் அதிக எடையுள்ள பெண்கள் 15.9%. கோலியனூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில் 46.2%. ஒரே நாட்டுக்குள் இவ்வளவு இடைவெளி!

தென் மாநிலங்களில் சாலை, பஸ், கடை, கையில் பணம் எல்லாம் முன்கூட்டியே கிராமத்துக்கு வந்துவிட்டன. கோலியனூர் கூட்டுரோடு மாதிரி நாலு ஊர் வண்டிகள் நின்று போகும் இடங்களில் டீ, பஜ்ஜி, பரோட்டா எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இன்னொரு பக்கம் உடல் உழைப்பு குறைந்தது. நெல் அறுவடைக்கு மெஷின் வந்தாச்சு. நடந்து போன தூரத்துக்கு டூவீலர். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் குடித்துவிட்டு நாள் முழுக்கக் கழனியில் நின்றவர்களின் பிள்ளைகள் மூன்று வேளையும் அரிசி சாப்பிடுகிறார்கள். அதை எரிக்கும் அளவுக்கு வேலை இல்லை.

வருமானம் என்ன செய்கிறது?

இந்திய அளவில் இன்னமும் வசதியானவர்களிடம்தான் பருமன் அதிகம். மிக ஏழைப் பிரிவுப் பெண்களில் சுமார் 10%, மிக வசதியான பிரிவில் சுமார் 39%. ஆனால் ஒரு சமூகம் வளர வளர இது தலைகீழாகத் திரும்பும். இங்கிலாந்தில் மிகவும் பின்தங்கிய பகுதிக் குழந்தைகளிடம் உடல் பருமன், வசதியான பகுதிக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணம், குறைந்த காசுக்கு அதிக கலோரி கிடைப்பது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். பட்டினியை விரட்டியதில் இந்தத் திட்டத்தின் பங்கு பெரியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அரிசிக்குத் துணையாக வர வேண்டிய பருப்பு, முட்டை, கீரை, பழம் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. கை இறுக்கமான வாரத்தில் முதலில் குறைவது இவைதான். சோறு குறைவதில்லை, குழம்பு தண்ணியாகிறது.

எண்ணெயைப் பாருங்கள். வேர்க்கடலை ரகங்களில் 'டிஎம்வி' என்று பெயர் வருவது திண்டிவனத்தைக் குறிக்கும். அங்கே உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் அவை. கடலை விளையும் அந்தப் பகுதியிலும் ரேஷனில் கிடைப்பது லிட்டர் 25 ரூபாய் பாமாயில். கடலை எண்ணெய் அதைவிடப் பல மடங்கு விலை. இரண்டிலும் கலோரி ஒன்றுதான். ஆனால் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குதான்.

படிப்பு என்ன செய்கிறது?

படிப்பு இரண்டு பக்கமும் வெட்டும். ஒருபக்கம், உட்கார்ந்த வேலையையும் ஆன்லைன் ஆர்டரையும் கொண்டுவருகிறது. மறுபக்கம், எதைக் குறைக்க வேண்டும் என்ற விவரத்தையும், டாக்டரிடம் கேள்வி கேட்கும் தைரியத்தையும் தருகிறது.

பெட்டிக்கடையில் தொங்கும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் உப்பு, சர்க்கரை, கொழுப்பு அளவு பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு தாய் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

"தினமும் வாக்கிங் போங்க" என்ற அறிவுரையும் அப்படித்தான். விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, வேலைக்கு ஓடும் பெண்ணுக்கு நேரம் ஏது? நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நடக்க இடம் ஏது?

குண்டாக இருந்தால் சத்து இருக்கிறதா?

இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. 12.6% பெண்கள் தேவைக்குக் குறைவான எடை. அதாவது ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், ஏன் ஒரே உடம்பில்கூட பருமனும் சத்துக்குறைவும் சேர்ந்து இருக்கின்றன. வயிறு நிறைகிறது, ஆனால் இரும்புச்சத்தும் புரதமும் போய்ச் சேரவில்லை. ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியர்கள் தினமும் எடுக்கும் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்தே வருகிறது.

எடையை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அது 25ஐத் தொட்டால் அதிக எடை. 5 அடி உயரப் பெண்ணுக்கு 58 கிலோதான் அந்த எல்லை. இந்தியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு சீக்கிரம் சேர்வதால் 23லேயே கவனம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள்.

இன்னும் எளிய வழி இன்ச் டேப். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம்.

என்ன செய்யலாம்?

செலவில்லாத முதல் வேலை டீயில் இருக்கிறது. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாலு டீக்கு 40 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 25 கிராம்தான். அடுத்தது, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டல், வேர்க்கடலை, முருங்கைக்கீரை.

மீதி அரசின் கையில். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. பள்ளிச் சத்துணவில் முட்டை சேர்ந்ததும் இந்த வழியில் வந்த மாற்றம்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மாத்திரை வாசலுக்கு வர முடிகிறது என்றால், பருப்பும் சிறுதானியமும் பாக்கெட் தின்பண்டத்தைவிட மலிவாக ரேஷன் கடைக்கு வர முடியாதா என்பதே அடுத்த கேள்வி.