தரவுத்தளமும் கைத்தொலைபேசியும்: மென்பொருளாளர் மாநாடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாநாடுகள் வரலாற்று மாணவனுக்கு நல்ல சான்றாதாரங்கள். ஓர் இயக்கமோ துறையோ எவற்றைப் பேசுதற்குரிய பொருள்களாகக் கொள்கின்றது, எவற்றைப் பேசாது விடுகின்றது என்பது அதன் மாநாடுகளில் வெளிப்படுவது போல வேறெங்கும் வெளிப்படுவதில்லை. 1936இல் லக்னோவில் பிரேம்சந்தின் தலைமையிற் கூடிய முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டை விடுத்து இந்திய மொழிகளின் தற்கால இலக்கிய வரலாற்றை எழுத முடியாது என்பதை இலக்கிய மாணவர் அறிவர். கணனித் துறையின் மாநாடுகளை அவ்வாறு நோக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. அவை தொழில்நுட்பவியலாளரின் உள்விவகாரம் என விட்டுவிடப்படுகின்றன. ஆயின் இன்று ஒருவரது பெயர், வங்கிக் கணக்கு, நோய்க்குறிப்பு, கடிதத் தொடர்பு ஆகிய யாவும் ஏதோவொரு தரவுத்தளத்திற் பதியப்பட்டுள்ளன. அவற்றை அடையும் வாயிலாகக் கைத்தொலைபேசி அமைந்துள்ளது. தரவுகளை அடையும் வழி யார் கையில் இருத்தல் வேண்டும் என்ற வினா அம்மாநாடுகளில் எப்பொழுது விவாதப் பொருளாயிருந்தது, எவ்வாறு அது அரங்கினின்றும் மறைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவுத்தளம் என்ற கருத்து போர்த்தேவையின் நிழலிலே வளர்ந்தது. 1963 யூனில் கலிபோர்ணியாவின் சாந்தா மொனிக்கா நகரில் சிஸ்டம் டெவலப்மென்ற் கோப்பரேஷன் என்ற நிறுவனம் நடத்திய கருத்தரங்கின் தலைப்பிலேயே அச்சொல் இடம்பெற்றிருந்தது. ஐக்கிய அமெரிக்க வான்படையின் ‘சேஜ்’ வான்பாதுகாப்பு முறைமைக்குச் செய்நிரல்களை எழுதிய நிறுவனம் அது. மென்பொருட் பொறியியல் என்ற தொடரைப் பரவச் செய்த 1968ஆம் ஆண்டின் கார்மிஷ் மாநாட்டைக் கூட்டியதும் நேட்டோ அமைப்பின் விஞ்ஞானக் குழுவே. அதே காலப்பகுதியில் அப்பலோ விண்வெளித் திட்டத்தின் எண்ணிறந்த உறுப்புகளைக் கணக்கில் வைத்திருக்கும் தேவையிலிருந்தே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐ.எம்.எஸ். என்னும் தரவுத்தள முறைமை தோன்றியது. அறிவு தானே வளர்ந்து தானே பயன்பட்டது என்று எழுதுவோர் இத்தோற்றுவாயைக் குறிப்பிடாமற் செல்வது வியப்புக்குரியதன்று.

எமது நோக்கிற்கு மிக முக்கியமானது 1974 மே மாதத்தில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் நடைபெற்ற கருத்தரங்காகும். அங்கு இரு கொள்கைகள் நேருக்கு நேர் மோதின. ஒரு பக்கத்தில் சார்ள்ஸ் பாக்மன் நின்றார். 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஐ.டி.எஸ். என்ற முறைமையை உருவாக்கியவர். 1973இல் ரியூறிங் பரிசைப் பெற்றபோது நிகழ்த்திய உரையில் நிரலாளனை ஒரு மாலுமியாக உருவகித்தவர். பதிவுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கும். எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்குச் செல்லவேண்டும் என்பதை அறிந்த மாலுமியே கரைசேர்வான். மறுபக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வாளரான எட்கார் கொட். 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தரவுகளைப் பயன்படுத்துவோர் அவை பொறியினுள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடவேண்டும் என வாதிட்டது. எது வேண்டும் என்று கூறினாற் போதும். எவ்வழியில் அதனைத் தேடுவது என்பது பொறியின் வேலை.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவன் எளிதில் விளங்கிக்கொள்வான். நிகண்டில் ஒரு சொல்லைத் தேடுபவன் அச்சொல் தெய்வப்பெயர்த் தொகுதியைச் சார்ந்ததா, மக்கட்பெயர்த் தொகுதியைச் சார்ந்ததா, விலங்கின்பெயர்த் தொகுதியைச் சார்ந்ததா என முன்னரே அறிந்திருக்க வேண்டும். சூத்திரங்களை மனனஞ் செய்திருக்கவும் வேண்டும். ஆசிரியரிடம் பாடங்கேட்டவனுக்கே அது திறக்கும். 1594இல் சிதம்பர ரேவணசித்தர் அகராதி நிகண்டைச் செய்தபொழுதும், 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபொழுதும், 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறியபொழுதும் நிகழ்ந்தது, எழுத்தறிந்த எவனும் சொல்லை அடையக்கூடிய நிலை படிப்படியாகத் தோன்றியமையே. பாக்மனின் முறைமை நிகண்டு; கொட் விரும்பியது அகராதி. ஒப்புமை முழுமையானதன்று என்பதை நாம் அறிவோம். எனினும் யார் வழிகாட்டி, யார் வழிகேட்போன் என்ற சமூக வினா இரண்டிலும் ஒன்றே.

கொட்டின் வாழ்க்கையில் ஒரு செய்தியை இவ்விடத்தே குறிப்பிடுதல் பொருந்தும். இங்கிலாந்திற் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிய அவர், செனற்றர் மக்கார்த்தியின் கம்யூனிச எதிர்ப்பு வேட்டையை வெறுத்து 1953இல் ஐக்கிய அமெரிக்காவைவிட்டுக் கனடாவுக்குச் சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தவர். இதனைக்கொண்டு அவரை முற்போக்காளர் அணியிற் சேர்த்துவிடுதல் அவசர முடிபாகும். ஆயினும் ஐ.எம்.எஸ். முறைமையால் வருவாய் ஈட்டிக்கொண்டிருந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், அதன் அடித்தளத்தையே மறுக்கும் கொள்கையைப் பொது அரங்கில் முன்வைத்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. அதே கருத்தரங்கிலேதான் டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் பின்னர் எஸ்.கியு.எல். எனப் பெயர்பெற்ற வினவல் மொழியை அறிமுகஞ் செய்தனர். இளைஞரான பொய்ஸ் அவ்வாண்டிலேயே காலமானார். தம் மொழி உலகெங்கும் வழங்கியதைக் காண அவர் இருக்கவில்லை.

கொட்டின் கொள்கை வென்றது. ஆனால் வென்றது யாருக்காக? ஐ.பி.எம். தயங்கி நின்ற காலத்தில், அதன் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரைகளைப் படித்து, பின்னாளில் ஒறக்கிள் எனப் பெயர்பெற்ற சிறு நிறுவனம் 1979இல் தன் விற்பனைப் பண்டத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973இல் தொடங்கிய இங்கிறெஸ் ஆய்வு அரசாங்கப் பணத்தில் நடைபெற்றது. அதன் நிரல்கள் பெயரளவான கட்டணத்துக்கு வழங்கப்பட்டன. அவற்றிலிருந்து பல தனியார் நிறுவனங்கள் கிளைத்தன. சமூகத்தின் பொது அறிவு நிலைமூலதனத்தினுள் ஈர்த்துக்கொள்ளப்படும் போக்கினை மார்க்ஸ் 1857-58ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் இயந்திரங்கள் பற்றி எழுதுகையில் சுட்டினார். அதற்கு இதனினும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. தரவைத் தேடும் வழி பயனாளனுக்கு எளிதாயிற்று. தரவும் பொறியும் வேறொருவர் உடைமையாயின.

2008ஆம் ஆண்டு மற்றொரு திருப்புமுனை. அப்பிள் நிறுவனம் கைத்தொலைபேசிச் செயலிகளுக்கான தன் கடையை அவ்வாண்டு யூலையில் திறந்தது. கூகிள் நிறுவனத்தின் ஆண்டு மாநாடும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. அப்பிளின் மாநாட்டுக்கான அனுமதிச் சீட்டுகள் முதன்முறையாக முற்றாக விற்றுத் தீர்ந்ததும் அவ்வாண்டிலேயே. 2013இல் 1,599 டொலர் பெறுமதியான அச்சீட்டுகள் இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. ஆன் ஆர்பரில் நிரலாளர் தம் தொழிலின் கொள்கையை வாதித்தனர். சான் பிரான்சிஸ்கோவில் அவர்கள் உடைமையாளரின் அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டினர். விற்பனையில் நூற்றுக்கு 30 வீதத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வது அம்மேடையில் விவாதப் பொருளன்று. அது விதி. சிறு வருமானத்தினருக்கு அவ்வீதம் 2021இல் 15 ஆகக் குறைக்கப்பட்டதற்கும் அரங்கில் எழுந்த வினாக்கள் காரணமல்ல. நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் வெளியே கொடுத்த அழுத்தமே காரணம் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இக்கதையில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதுவும் முரண்பாடுகள் நிறைந்தது. இன்று ஏறத்தாழ எல்லாத் திறன்பேசிகளினுள்ளும் இயங்குவது எஸ்.கியு.லைற் என்ற சிறு தரவுத்தளம். றிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பலொன்றுக்கான மென்பொருட் பணியில் ஈடுபட்டிருந்தபோது எழுந்த தேவையிலிருந்து 2000ஆம் ஆண்டில் அதனை உருவாக்கி, பதிப்புரிமையைத் துறந்து பொதுவுடைமையாக விட்டார். வழக்கிலுள்ள அதன் தரவுத்தளங்கள் ஓர் இலட்சம் கோடிக்கு மேற்பட்டன என அதனை ஆக்கியோர் மதிப்பிடுகின்றனர். எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் மூலநிரலுக்கு வெளியார் அளிக்கும் பங்களிப்புகள் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. உடைமை அனைவருக்கும், ஆக்கம் ஒரு சிலருக்கும் என்ற இந்நிலையைப் பொதுவுடைமை என்ற சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது.

அண்மையில் கொழும்பில் நடைபெற்ற, தரவுத்தளமும் கைத்தொலைபேசிச் செயலிகளும் பற்றிய மாநாடொன்றில் நாமும் பார்வையாளராகக் கலந்துகொண்டோம். பேசியோர் பெரும்பாலும் இளைஞர், ஆற்றல் வாய்ந்தோர். வலையிணைப்பு அற்ற இடத்தில் கைத்தொலைபேசியிற் பதியும் தரவைப் பின்னர் மையக் கணனியோடு இசைவிப்பது எவ்வாறு என்பது அங்கு விரிவாக ஆராயப்பட்டது. தொலைவான இரு கிராமங்களிலிருந்து இரு குடும்பநல மருத்துவமாதர் ஒரே தாயின் குறிப்பைத் திருத்தினால் எது நிற்கும்? இறுதியாக எழுதியவரின் பதிவே நிற்கும் என்பது வழக்கமான விடைகளுள் ஒன்று. எளிமை கருதிப் பலரும் அதனைக் கையாளுகின்றனர். களத்தில் நிற்பவளுக்கும் மையத்திற்கும் இடையே எவர் சொல் மெய் என்ற வினா, கடிகாரத்தின் பொறுப்பில் விடப்படுகின்றது. தேநீர் இடைவேளையில் இதுபற்றி இளம் நிரலாளர் சிலரோடு உரையாடியபோது, அவர்கள் ஆர்வத்தோடு கேட்டனர். ஆயினும் அது வாடிக்கையாளர் தீர்மானிக்க வேண்டியது என்றனர்.

வேறொன்றும் அங்கு எமக்குப் புலனாயிற்று. அந்தத் தரவுத்தளங்களுட் பல, தனியே பணிக்கப்பட்டாலன்றித் தமிழ்ச் சொற்களை யூனிகோட் எண்களின் வரிசையிலேயே அடுக்குவன. அவ்வரிசை தேவநாகரியை அடியொற்றிய இந்தியத் தரமொன்றிலிருந்து பெறப்பட்டது. அதில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கும். புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே நிற்கும். ஆதலின் அன்னம்மா அபிராமிக்கு முன்னே வந்துவிடுவாள். அகம், அகாலம், அகோரம் யாவும் கடந்த பின்னரே அக்கம் வரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலோ அக்கம் அகத்துக்கு முன்னே நிற்கும். திருத்தும் கருவிகள் உள்ளன. அவற்றைச் செயலியிற் சேர்க்கவேண்டும் என எவராவது கேட்கவேண்டும். பெயர்ப்பட்டியலில் தன் பெயரைத் தேடுபவன் மாநாட்டுக்கு வருவதில்லை.

பெயர்ப்பட்டியல் உயிர்ப்பிரச்சினையாக மாறிய தருணம் ஒன்று நமது நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர் கொழும்பு நிரலாளர்கள் ஊதியங் கருதாது கூடி, காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதியும் முறைமையொன்றைச் சில கிழமைகளில் உருவாக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் ‘சஹன’ என்ற சிங்களச் சொல்லே அதன் பெயர். அதற்கு முன்னரே இயங்கிவந்த லங்கா மென்பொருள் மன்றம் அப்பணிக்குத் தளமாக நின்றது. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியதாக அது வெளியிடப்பட்டமையால், 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோதும், 2006இல் பிலிப்பைன்சில் மண்சரிவு நேர்ந்தபோதும் அது கைகொடுத்தது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டு விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்குக் கிடைத்தது. வெள்ளம் வடிந்த பின்னர் ஊழியர்கள் தத்தம் நிறுவனங்களின் ஏற்றுமதி ஒப்பந்தங்களுக்குத் திரும்பினர். முறைமையைப் பேணுதற்கான மன்றம் 2009இல் கலிபோர்ணியாவில் பதிவு செய்யப்பட்டது.