குமரகோட்டத்தில் தடைபட்ட முதல் பாட்டு

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் உத்திரமேரூர்ச் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு வர நினைத்தவருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமே இல்லை. இத்தனையிலும் தேறியவர்களின் பெயர்தான் ஓலையில் ஏறிக் குடத்துக்குள் விழுந்தது. எவரானாலும் தகுதி பார்த்துவிட்டே ஏற்றுக்கொண்டது தொண்டை மண்டலத்து அந்த ஊர். ஊர் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கே இவ்வளவு சோதனை என்றால், பக்கத்துக் காஞ்சியில் புலவர்கள் கூடிய அவை எப்படி இருந்திருக்கும்? அதன் கடுமையை முழுதாக அனுபவிக்க ஒரு கோயில் அர்ச்சகர் பிறந்து வர வேண்டியிருந்தது.

அந்த அர்ச்சகரின் கதைக்குள் போகும் முன், அவருக்கு முன்பே வாழ்ந்த வேறொருவரைப் பார்க்க வேண்டும். வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்தில் புத்தமித்திரன் என்ற பௌத்தர் ஓர் இலக்கணம் எழுதி, அரசன் பெயராலேயே அதை வீரசோழியம் என்று அழைத்தார். எழுத்து, சொல், பொருள் என்று தொல்காப்பியம் வகுத்த மூன்றோடு யாப்பையும் அணியையும் தனித்தனியே நிறுத்தி ஐந்திலக்கணம் சொன்ன நூல் அது. ஏறத்தாழ 180 பாடல்களுக்குள் அத்தனையும் அடங்கின. ஆனால் வடமொழி இலக்கணத்தின் வழியில் தமிழை விளக்கியதால், பழைய மரபில் ஊறியவர்களின் மனதில் அது ஒட்டவில்லை. பின்னால் பவணந்தியின் நன்னூல் வந்ததும், படிக்கிறவர்கள் அதன் பக்கம் திரும்பினார்கள். பௌத்தமும் தமிழ் மண்ணில் தேய்ந்துகொண்டே போனது. சந்திப் படலத்தில் ழகரமும் தகரமும் சேரும் இடத்துக்காகப் புத்தமித்திரன் எழுதி வைத்த ஒரு சின்ன விதி, எவர் கண்ணிலும் படாமல் ஓலைக்குள் கிடந்தது. அதைத் தேடி ஓட வேண்டிய இரவு ஒன்று வந்தது.

புலவனை அவையில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் தமிழுக்கு மட்டும் சொந்தமல்ல. 1176-ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் கார்டிகன் கோட்டையில், ரிஸ் என்ற சிற்றரசர் கவிஞர்களுக்கும் இசைவாணர்களுக்கும் போட்டி வைத்து, வென்றவர்களுக்கு நாற்காலி பரிசளித்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் தாவித் அப் எட்மண்ட் என்ற கவிஞர், கார்மார்தன் நகரில் கூடிய அவையில் செய்யுள் வகைகளை 24 என்று வரையறுத்தார். நம் மோனை, எதுகையைப் போல அங்கும் ஓசைக்கு இறுக்கமான கட்டுப்பாடு உண்டு. தகுதியான கவிதை வராத ஆண்டில் நாற்காலியை எவருக்கும் கொடுப்பதில்லை. 1917-இல் பர்க்கன்ஹெட் விழாவில் வென்ற கவிஞரை அழைத்தபோது எழுந்து வர ஆளில்லை. ஹெட் வின் என்ற அந்த இளைஞர் ஜூலை 31-ஆம் தேதியே பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். காலி நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அந்த அவைகளில் தோற்ற கவிஞனுக்குப் போனது ஒரு நாற்காலிதான். காஞ்சியில் தோற்றால் ஒரு நூலே போய்விடும்.

வீரராஜேந்திரனுக்குப் பல தலைமுறைகளுக்குப் பிறகு, காமாட்சியம்மன் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் நடுவே இருக்கும் குமரகோட்டத்தில் பூசை செய்துவந்தார் கச்சியப்ப சிவாசாரியார். அவர் கனவில் முருகன் தோன்றி, வடமொழியில் இருக்கும் தன் வரலாற்றைத் தமிழில் பாடச் சொல்லி, முதல் அடியையும் எடுத்துக் கொடுத்தான் என்பது காஞ்சி மரபு. பகலில் 100 பாடல் எழுதினார். அர்த்தசாமப் பூசை முடிந்ததும் ஓலைகளைக் கருவறையில் வைத்துக் கதவைப் பூட்டினார். காலையில் திறந்தபோது அங்கங்கே திருத்தம் விழுந்திருந்தது. இப்படியே வளர்ந்து, 10,345 பாடல்களோடு நூல் முடிந்தது. நாளுக்கு நூறு என்றால் மூன்றரை மாதக் கணக்கு. கம்பனுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய நடை அது என்றே நான் சொல்வேன். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தார்கள். தெய்வமே பிழை திருத்திய நூலில் எவர் குறை காண முடியும் என்ற நிம்மதியோடு கச்சியப்பர் முதல் ஓலையை எடுத்தார்.

காப்புச் செய்யுளின் முதல் சொல்லைத் தாண்டவில்லை. அவையிலிருந்து ஒரு புலவர் எழுந்தார்.

அந்தச் சொல், திகடசக்கரம். திகழ், தசக்கரம் என்ற இரண்டும் சேர்ந்து நிற்கிறது என்றார் கச்சியப்பர். ஐந்து முகச் சிவனின் ஒளி வீசும் பத்துக் கைகள் என்று பொருள். பொருள் புரிகிறது, புணர்ச்சிக்கு விதி எங்கே என்று கேட்டார் எழுந்தவர். ழகரத்தின் முன் தகரம் வந்து, இரண்டும் போய் டகரம் நிற்க எந்த இலக்கணம் இடம் கொடுக்கிறது? தொல்காப்பியத்தில் கச்சியப்பரால் காட்ட முடியவில்லை. இது நான் போட்ட சொல் அல்ல, முருகன் எடுத்துக் கொடுத்தது என்றார். அப்படியானால் அந்த முருகனே வந்து விதியைச் சொல்லட்டும் என்றது அவை. அன்றைய அரங்கேற்றம் நின்றது. ஓலைக் கட்டோடு கோயிலுக்குத் திரும்பிய அர்ச்சகருக்குச் சோறு இறங்கவில்லை.

எழுந்து கேட்ட புலவரின் பெயரைக் கதை வைத்துக்கொள்ளவில்லை. கதை சொல்கிறவர்கள் அவரைத் தடைக்கல்லாகவே காட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு உண்டு. தெய்வம் தந்த அடி என்று தெரிந்தும், விதியைக் காட்டு என்று கேட்க நெஞ்சுரம் வேண்டும். தமிழ் மேல் உள்ள பற்று அது. பக்திக்காக இலக்கணத்தைத் தளர்த்தும் அவையாக அது இருந்திருந்தால், அங்கே அரங்கேறியதற்கு என்ன மதிப்பு? ஆனால் அந்த இரவில் கச்சியப்பர் இப்படியெல்லாம் நினைத்திருக்க முடியாது. விடிந்தால் பதில் சொல்ல வேண்டும்.

மறுபடியும் கனவு வந்தது. சோழ நாட்டில் வீரசோழியம் என்றொரு நூல் இருக்கிறது, அதில் விதி உண்டு, நாளை அங்கிருந்து ஒருவன் கொண்டுவருவான் என்றான் முருகன். மறுநாள் அவை கூடியது. கேள்வி அப்படியே நின்றது. அப்போது முன்பின் தெரியாத ஒருவர் சோழ நாட்டிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஓர் ஓலைச்சுவடி. சந்திப் படலத்தைப் பிரித்துக் காட்டினார். புத்தமித்திரனின் விதி திகடசக்கரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கேள்வி கேட்டவர் தலைவணங்கினார். நன்றி சொல்லத் தேடியபோது வந்தவரைக் காணவில்லை. வந்தது முருகனே என்று முடிவு செய்தது காஞ்சி. சைவ நூலின் முதல் சொல்லுக்குச் சாட்சியாகத் தெய்வமே தேர்ந்தது ஒரு பௌத்தரின் இலக்கணத்தை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். மணிமேகலை அறம் கேட்ட ஊரில், தேய்ந்துபோன மதத்தின் ஏடு ஒன்று திரும்பி வந்து ஒரு காவியத்தை வாழ வைத்தது.

பிறகு தடையே வரவில்லை. ஓராண்டு நடந்தது அரங்கேற்றம். நிறைவு நாளில் தொண்டை மண்டலத்தின் 24 கோட்டத்து வேளாளர்களும் கூடி, கச்சியப்பரைச் சிவிகையில் ஏற்றித் தாங்களே சுமந்தார்கள் என்கிறது மரபு. அந்த 24 கோட்டங்களில் ஒன்று காலியூர்க் கோட்டம். உத்திரமேரூர் அதற்குள்தான் இருந்தது.

அன்று அரங்கேறியதுதான் கந்தபுராணம். கந்தபுராணத்தில் இல்லாதது எந்தப் புராணத்திலும் இல்லை என்ற பழமொழிக்குரிய நூல். ஐப்பசி சஷ்டியில் தெருக்களில் நடக்கும் சூரசம்ஹாரம், மாமரமாய் நின்ற சூரபதுமன் வேல் பட்டுப் பிளந்து சேவலும் மயிலுமானது, தூது போன வீரபாகு என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்று தெரிந்த கதையெல்லாம் இந்த ஆறு காண்டங்களின் வழியே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவிகுஞ்சர பாரதி அதைக் கீர்த்தனைகளாக்கினார். 1967-இல் ஏ.பி. நாகராஜன் அந்தக் கதையைக் கந்தன் கருணை என்று திரைக்குக் கொண்டுவந்தார். அரங்கேற்றம் நடந்த மண்டபம் குமரகோட்டத்தில் இன்றும் நிற்கிறது.

அந்த நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ஊர் கடல் கடந்து இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் பாடலை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்லும் புராணபடனம் வேரூன்றியது. அந்த மண்ணின் வாழ்வையே கந்தபுராண கலாசாரம் என்று எழுதினார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. இதற்கிடையில் காவியத்தைக் காப்பாற்றிய வீரசோழியமோ செல்லரித்த ஏடுகளில் அழியும் நிலைக்கு வந்திருந்தது. பெருந்தேவனார் எழுதிய அதன் உரைக்குள் மட்டுமே தங்கியிருந்த பழைய பௌத்தப் பாடல்களும் கூடவே போயிருக்கும். அதைத் தேடி எடுத்துப் பரிசோதித்து 1881-இல் அச்சேற்றியவர், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. திகடசக்கரத்துக்கு உரை எழுதுகிறவர்கள் அந்தச் சந்திப் படலத்து விதியைத்தான் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.