கண்ணாடியில் ஒட்டிய விலைச்சீட்டு

இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின் அமெரிக்க தேசத்தில் மோட்டார் கார் வாங்கச் சென்ற சாமானியர் பலர், வியாபாரி வாயால் சொன்ன விலை ஒன்றாகவும், கையெழுத்திடும் தருணத்தில் கூடுதல் சாதனங்கள், போக்குவரத்துச் செலவு என்று பற்பல பெயர்களால் ஏறி நின்ற விலை வேறொன்றாகவும் இருக்கக் கண்டு மனம் நொந்தனர். இந்த அநியாயத்தைத் தடுக்க ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று முயன்றதன் பயனாக 1958-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. உற்பத்தியாளர் குறிக்கும் சில்லறை விலையையும், கூடுதல் சாதனங்கள் ஒவ்வொன்றின் விலையையும், வியாபாரியிடம் கொண்டுசேர்க்கும் கூலியையும் தனித்தனியே காட்டும் சீட்டு புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டப்பட வேண்டும் என்றும், வாங்குபவர் கைக்கு வருமுன் அதை அகற்றுவது குற்றம் என்றும் அது விதித்தது. அச்சீட்டு இன்றும் மன்ரோனியின் நாமத்தாலேயே வழங்குகிறது. விற்கும் விலையை அச்சட்டம் நிர்ணயிக்கவில்லை. பேரம் பேசும் சுதந்திரம் இருவருக்கும் எஞ்சியது. எனினும், எழுத்தில் நின்ற தொகை புரளும் நாவுக்கு ஒரு வரம்பு கட்டியது. வியாபார தர்மம் நிலைக்க வெளிச்சமே முதல் துணை.