கிணற்றில் பங்கு இருந்தவர்களும் துலாவில் நடந்தவர்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்கும். மிச்ச மாதங்களில் தோட்டக்காரருக்கு அந்த நீரே கதி. கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் கத்தரியும் புகையிலையும் விளைந்த கதையைச் சொல்பவர்கள் ஒரு குடும்பத்தின் விடாமுயற்சியையே பெரும்பாலும் பேசுவார்கள்: சில பரப்புக் காணி, ஒரு கிணறு, விடியுமுன் எழும்பும் தகப்பன், கூட நிற்கும் தாயும் பிள்ளைகளும். அதில் உண்மை உண்டு. ஆனால் துலாவால் நீர் இறைத்த காலத்தில் ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கான அந்தப் பரப்பு நிலத்தைக்கூட ஒரு குடும்பம் தனித்து வாழவைத்தது அரிது. பலர் சேர்ந்தே அதைச் செய்தார்கள். அந்தச் சேர்க்கையில் ஒரு பாதி காணி உறுதியில் எழுதப்பட்டு இன்றும் உரிமையாக நிற்கிறது. மறு பாதி எழுதப்படவேயில்லை. இறைப்பு இயந்திரம் வந்ததும் அது நினைவிலிருந்தும் விலகிப்போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத தோட்ட வரலாறு பாதி வரலாறுதான்.

முதலில் வேலையைப் பார்க்கலாம். கிணற்றோரம் நட்ட ஆடுகாலின் மேல் நீண்ட துலா மரம் கிடக்கும். அதன் ஒரு நுனியிலிருந்து தொங்கும் கயிற்றில் நீர் அள்ளும் பட்டை கட்டியிருக்கும். துலா மிதிப்பவர் மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடப்பார். அவர் கிணற்றுப் பக்கம் நகர்ந்தால் பட்டை தாழ்ந்து நீருக்குள் போகும். திரும்பி நடந்தால் நிறைந்து மேலே வரும். ஆழக் கிணறென்றால் நடக்க இருவர் தேவைப்படும். கிணற்று விளிம்பில் நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மூன்றாமவர் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். அவர் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறக்கப் பிந்தினால் வரம்பு உடைந்து, நட்ட வெங்காயம் கிளம்பிவிடும். துலாவில் நடப்பவர் களைத்தால் கடைசிப் பாத்தி காயும். ஒருவருடைய வேகம் மற்ற இருவரின் வேகத்தோடு இசைந்தே ஆகவேண்டும். இந்த வேலை ஒரு நாளோடு முடிவதுமில்லை. பயிர் நிற்கும் மாதமெல்லாம் சில நாளுக்கொரு தடவை திரும்பத் திரும்ப வரும்.

கிணறும் தனியொருவர் சொத்தாக இருப்பது குறைவு. சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டுவது பெருஞ்செலவு. வெட்டியவரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் காணி முதுசமாகவும் சீதனமாகவும் துண்டாகிப் போகையில் கிணற்றைத் துண்டாக்க முடியாது. அதன் நேரத்தைத்தான் பிரிக்கலாம். அதனால் இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு முறை என்று வகுத்தார்கள். காணி உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்த தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்ட நூல், காணியை விற்பவர் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்ற வழக்கத்தைப் பதிவு செய்தது. 1947ஆம் ஆண்டின் தனிச் சட்டமொன்று அந்த முற்கொள்வனவு உரிமையை ஒழுங்குபடுத்தியது. ஒரே கிணற்றில் இறைக்கும் இடத்தில் அந்நியர் ஒருவர் திடீரென்று பங்காளியாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தோட்டக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இதைக் கூட்டுறவு என்று சொல்லலாமா, கிணற்றுப் பங்குக்காகவும் வாய்க்காலுக்காகவும் வேலிக்காகவும் நீதிமன்றப் படி ஏறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். வழக்குகள் இருந்தது உண்மை. ஆனால் இறைப்பு முறையை மீறினார் என்று ஒருவர் வழக்கு வைப்பதற்கு, முறை என்று ஒன்று இருக்கவேண்டும். அதை எதிராளியும் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். பேசாமல் இருக்கும் தமையனும் தம்பியும் ஒரே கிணற்றில் முறைவைத்து இறைக்க முடிந்ததென்றால், அதற்குப் பாசத்தைவிட உறுதியான ஏற்பாடு காரணம். எழுதிய பங்கின் வலிமை அதுதான்.

அந்த வலிமை துலாவில் நடந்த பலருக்குக் கிடைக்கவில்லை. தேசவழமை பங்காளிகளைப் பற்றிப் பேசும் அதே நூலில் அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. பள்ளர், நளவர் என்ற சாதியினர் அங்கே உரிமையாளராக வரவில்லை, உடைமையாக வருகிறார்கள். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் காணியில்லாத அதே குடும்பங்கள் காணியுடைய வெள்ளாளரின் தோட்டங்களில் சாதிக் கடமையான குடிமைக்கும் கூலிக்கும் உழைத்தன. இறைத்தவர்கள், மண் கொத்தியவர்கள், வெட்டிவந்த இலைகுழையை மண்ணுக்குள் தாழ்த்தியவர்கள் அவர்கள். நாள் முழுதும் பட்டை பிடித்து நீரைப் பயிருக்கு ஏற்றிய கை, அதே ஊரில் குடிநீர்க் கிணற்றில் வாளி போட அனுமதிக்கப்படவில்லை. இன்னொருவர் அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்கவேண்டியிருந்தது. சாதியைக் காட்டி மனிதரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது. பெண்களின் கதையும் இதற்கு அருகிலேயே இருக்கிறது. வெங்காயம் நட்டதும் களை பிடுங்கியதும் கிண்டிய வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டியதும் பெரும்பாலும் அவர்கள். சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருந்த இடத்தில் அவளுக்கு எழுத்தில் பங்கு இருந்தது. கூலிக்கு வந்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஆணுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலிதான்.

1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் பரவியது. 1970 முதல் 1977 வரை அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் குடாநாட்டுத் தோட்டங்களில் காசு புரண்டது. துலா மறைந்தது நல்லதுதானே, தவறினால் கிணற்றுக்குள் விழும் வேலையை நினைத்து ஏங்கலாமா என்பது நியாயமான கேள்வி. ஏங்கத் தேவையில்லை; அந்தப் பாடு ஒழிந்தது பெரிய விடுதலை. ஆனால் யாருக்கு என்ன மிஞ்சியது என்று பார்க்கவேண்டும். கிணற்றில் பங்குள்ளவர் இயந்திரத்தைத் தன் முறை நாளில் கொண்டுவந்து பூட்டினார். அவர் பங்கு அப்படியே இருந்தது. துலாவில் நடந்தவருக்கு அந்தக் கிணற்றோடு இருந்த ஒரே தொடர்பு அவர் உழைப்பு. அது தேவையற்றுப் போனதும் தொடர்பும் அறுந்தது. மிளகாய்க்கு நல்ல விலை வந்த ஆண்டுகளிலும், 1977க்குப் பின் இறக்குமதி திறக்கப்பட்டு விலை விழுந்தபோதும், காணியில்லாதவர் கூலியாகவோ குத்தகைக்காரராகவோதான் நின்றார்.

இது முடிந்துபோன கதையாக இருந்தால் இவ்வளவு வற்புறுத்தத் தேவையில்லை. மேலே கிணறுகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் கீழே நீர் ஒன்றுதான். ஒருவர் இயந்திரத்தால் அளவின்றி இறைத்தால் பக்கத்துக் கிணறும் உவராகும். ஒருவர் கொட்டும் உரம் அடுத்தவர் குடிக்கும் நீரில் நைத்திரேற்றாகக் கலக்கும். அதனால் குடாநாட்டுத் தோட்டக்காரர்கள் நீருக்கு மீண்டும் ஒரு முறை வகுக்கவேண்டியிருக்கிறது. அப்படி வகுக்க அவர்களுக்குத் தெரியும் என்பதற்குப் பங்குக் கிணறுகளே சாட்சி. இம்முறை உறுதி வைத்திருப்பவர் மட்டும் கூடிப் பேசினால் போதாது. குத்தகைக்குச் செய்பவரும் கூலிக்கு நடுபவரும் அந்த நீரில் பங்காளிகள் என்று எழுத்தில் வரவேண்டும். தோட்டத்தை நடத்தியவர்களில் பாதிப் பேரை முன்பு எழுதாமல் விட்டதன் விலையை அவர்களே கொடுத்தார்கள். இனியும் அதை அவர்களிடமே வாங்குவது அநியாயம்.