மைசூர் கடைத்தெருவும் இரண்டு திவான்களும்

மைசூருக்குப் போகும் நம்மவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் மூன்றையும் பார்த்துவிட்டு, கிளம்புகிற அவசரத்தில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். அதை வாங்கிய தெருவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1980-களில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் மூன்று வருஷம் அவ்வூரில் இருந்த அடியேனும் அப்படித்தான் இருந்தேன். சென்ற வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சகதர்மிணியுடன் ஒரு காலைப் பொழுது முழுவதும் அங்கே நடந்தேன்.

டவுன் ஹாலில் ஆரம்பித்தோம். அதன் சரியான பெயர் ரங்காசார்லு நினைவு மண்டபம். செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ரங்காசார்லு, 1881-ல் ஆங்கிலேயர் ராஜ்யத்தை உடையார் வம்சத்திடம் திருப்பி ஒப்படைத்தபோது திவானாக அமர்ந்தவர். அந்த வருஷ தசராவிலேயே பிரஜைகளின் பிரதிநிதி சபையைக் கூட்டினார். 1883-ல் காலமானார். அடுத்து வந்தவர் பாலக்காட்டுக்காரரான சேஷாத்ரி ஐயர்; 1901 வரை பதினெட்டு வருஷம் திவான். பெங்களூர் சேஷாத்ரிபுரத்தில் வசிக்கும் நம் அங்கத்தினர்களில் எத்தனை பேருக்கு அது யார் பெயர் என்று தெரியுமோ!

எதிரே தொட்ட கடியாரம். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சி வெள்ளிவிழாவுக்காக 1927-ல் எழுந்தது. மணி எண்கள் கன்னடத்தில் இருக்கும். காந்தி சதுக்கத்தில் டிபனை முடித்துக்கொண்டு சயாஜிராவ் ரோடு வந்தால் வியாபார மைசூர் தொடங்குகிறது. விஸ்வேஸ்வரையா திவானாயிருந்த 1913-ல் தோன்றிய மைசூர் பாங்கில், அதாவது பிற்கால ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூரில், எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. 2017-ல் அது ஸ்டேட் பாங்கோடு கலந்துவிட்டது. பாஸ் புத்தகம் மட்டும் பீரோவில் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது தேவராஜ மார்க்கெட்டைப் பற்றி. சாமராஜேந்திர உடையார் காலத்தில், சேஷாத்ரி ஐயர் திவானாயிருக்கையில் உருவானது. சுமார் 800 கடைகள். உள்ளே நுழைந்ததும் குங்குமக் குவியல், பிறகு பூ வரிசை, வெற்றிலை, வாழைப்பழம். மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளே வாழை மூன்றுமே புவிசார் குறியீடு பெற்றவை. நம் முழம் அங்கே ‘மொள’. இரண்டு மொளம் கேட்ட சகதர்மிணிக்குப் பூக்காரம்மா தன் கையால் அளந்து, ஒரு விரற்கடை கூடவே விட்டுக் கொடுத்தாள்.

மைசூர்பாகும் இந்தக் கட்டடத்தைச் சேர்ந்ததுதான். அதை முதலில் செய்தவர் என்று சொல்லப்படும் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வம்சத்தார் கடை, மார்க்கெட்டின் வெளிவரிசையில் இருக்கிறது. கன்னடத்தில் ‘பாக’, நமக்குப் பாகு. கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: கம்பிப் பதத்தில் கடலை மாவைக் கிளறி, கொதிக்கும் நெய்யை ஊற்றும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது, அந்த வழிகளே துவாரங்கள். தட்டில் கொட்டியபின் நடுப்பகுதியில் சூடு அடங்க நேரமாவதால் அங்கே மட்டும் சிவக்கிறது. நெய் சூடாக இல்லாவிட்டால் கிடைப்பது கடலை மாவு உருண்டைதான். எங்கள் வீட்டு தீபாவளிகளில் இதற்கு நிரூபணம் உண்டு. மேலே எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது.

இந்த மார்க்கெட்டின் வடக்கு வாசல் பக்கம் 2016 ஆகஸ்டில் சரிந்தது. அதற்கு முன் 2012-ல், வைஸ்ராய் லான்ஸ்டவுன் வந்ததன் ஞாபகமாக 1892-ல் கட்டிய எதிர்ப்புற லான்ஸ்டவுன் கட்டடத்தில் ஒரு பகுதி விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அன்று முதல் இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று வாதம். கோர்ட் வரை போயிற்று.

எனக்கு இதில் அபிப்பிராயம் சொல்ல யோக்யதை உண்டா என்று தெரியவில்லை. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் அக்ரஹார வீட்டை, சுண்ணாம்புக் கட்டடம் இனித் தாங்காது என்று ஒரு கான்ட்ராக்டர் சொன்னதை நம்பி 1998-ல் இடிக்கக் கையெழுத்துப் போட்டவன் நான். ‘தாங்காத’ அந்தச் சுவர்களை இடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் அம்மா, சித்தி அகத்து வாசல் திண்ணைக்குக்கூட வரவில்லை. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு நாளாவட்டத்தில் மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகும் என்பது பி.எஸ்ஸி.யில் படித்த பாடம். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் கெடும். கையெழுத்துப் போடும்போது இரண்டும் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே, பழுது பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் பூக்காரம்மாவிடம் அதைச் சொன்னபோது அவள், “ஸ்வாமி, மழை பெய்தால் நீங்கள் ஓட்டலுக்குப் போய்விடுவீர்கள். நான் இதன் கீழேதான் உட்கார்ந்திருப்பேன்” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. சகதர்மிணி இன்னும் ஒரு மொளம் வாங்கிக்கொண்டாள்.